கல்லைப் பார்த்துவிட்டுக் கேள்வி போடுங்கள்: இணையவழிப் பொது அறிவுப் போட்டி நடத்தும் முறை

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இருப்பவர்களும், இங்கிருந்து புறப்பட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வேரூன்றிவிட்ட உறவினர்களும் ஒரே வட்ஸ்அப் குழுவில் கூடி, வாரத்துக்கு ஒருமுறை பொது அறிவுப் போட்டி ஆடுவதற்கு இன்று பெரிய ஆயத்தம் எதுவும் தேவையில்லை. கைத்தொலைபேசியும் சிறிதளவு டேட்டாவும் இருந்தால் முதலாவது போட்டியை நாளைக்கே நடத்திவிடலாம். கடினம் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வெல்கிறார். வயதானவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்குகிறார்கள். ஒரு விடையைப் பற்றிய வாக்குவாதம் நள்ளிரவு வரை நீள்கிறது. பிறகு குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. நான் சில ஆண்டுகளாக இத்தகைய ஒரு குழுவுக்குக் கேள்வி எழுதி வருகிறேன். ஒரு போட்டியைத் தாங்கி நிற்பவை பிழையில்லாமல் எழுதப்பட்ட கேள்வியும், சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவருக்கும் போதுமான நேரமுமே என்பது என் அனுபவம். செயலிகளை அரை மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம் என்பதால், அவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் மற்ற இரண்டையும் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

வேகத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்

தொடக்கத்தில் எங்கள் குழுவில் ஒரேயொரு விதிதான் இருந்தது: முதலில் சரியான விடையைப் பதிவிடுபவருக்குப் புள்ளி. கொழும்பில் பைபர் இணைப்போடு இருந்த இளைஞர் ஒருவர் ஐந்து வாரங்கள் தொடர்ந்து வென்றார். மாரி மழை கொட்டிய ஓர் இரவில், முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஆடிய அக்கா ஒருவரின் ஏழு விடைகளும் போட்டி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒரே கொத்தாக வந்து விழுந்தன. ஏழில் ஆறு சரியானவை. நான் அவருக்கு அழைப்பெடுத்தபோது, "தம்பி, கேள்வி வந்த உடனையே நான் போட்டிட்டன், அந்த மணிக்கூட்டுப் படம்தான் போகாமல் நிண்டது" என்றார். செய்தி அனுப்பப்படாமல் காத்திருக்கும்போது வட்ஸ்அப் காட்டும் அந்தச் சிறிய மணிக்கூட்டை வன்னியில் தெரியாதவர் இல்லை. அன்றோடு வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்திவிட்டோம்.

இப்போது நாங்கள் பின்பற்றும் முறை இது. இருபது கேள்விகளை ஐந்து ஐந்தாக நான்கு சுற்றுகளாகப் பிரிக்கிறோம். ஒரு சுற்றின் ஐந்து கேள்விகளும் ஒரே செய்தியில் குழுவில் இடப்படும். அதன் பிறகு பத்து நிமிட நேரம் உண்டு. விடைகளைக் குழுவில் எழுதாமல், இலக்கமிட்டு, ஒரே செய்தியாக நடத்துநரின் தனிப்பட்ட இலக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஐந்து முறை சிக்னல் தேடுவதற்குப் பதிலாக ஒரு முறை தேடினால் போதும் என்பதும், ஒருவரின் விடையைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது என்பதும் இதில் உள்ள இரண்டு நன்மைகள். டேட்டா முற்றாகப் படுத்துவிட்டால் சாதாரணக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். டேட்டா செல்லாத இடங்களிலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் சென்று சேர்ந்துவிடுகிறது. எழுதச் சிரமப்படும் முதியவர்கள் குரற்பதிவாக அனுப்புவதை நாங்கள் மனமுவந்து ஏற்கிறோம், ஏனெனில் போட்டி நடப்பது பொது அறிவில், தட்டச்சில் அல்ல.

வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்த முடியும் என்பதால் ஒரு விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விடையை மாற்ற விரும்புபவர் பழைய செய்தியைத் திருத்தக் கூடாது; புதிய செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும்; நேரத்துக்குள் வந்த கடைசிச் செய்தியே கணக்கில் எடுக்கப்படும். அந்தப் பத்து நிமிடமும் அட்மின் மட்டும் எழுதக்கூடியவாறு குழுவின் அமைப்பை மாற்றிவைத்தால், ஆர்வ மிகுதியால் துப்புச் சொல்லிவிடுபவர்களையும் தடுக்கலாம்.

நாளும் நேரமும்

ஞாயிறு இரவு 8 மணி எங்களுக்குப் பொருந்தி வந்தது. அப்போது லண்டனில் குளிர்காலமானால் பிற்பகல் 2.30, கோடைகாலமானால் 3.30, ரொறன்ரோவில் காலை 9.30 அல்லது 10.30. சிட்னியில் இருப்பவர்களுக்கோ நள்ளிரவு தாண்டித் திங்கட்கிழமை பிறந்துவிடும். ஆகையால் மாதத்தில் ஒரு போட்டியைப் பிற்பகல் 2 மணிக்கு மாற்றினோம். சிட்னிக்கு அது மாலை நேரம், ரொறன்ரோவுக்கு விடியாத நேரம். எல்லோருக்கும் ஏற்ற மணி ஒன்று உலகத்தில் இல்லை என்பதால், வசதியீனத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே நியாயம். ஐரோப்பாவில் மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளிலும், கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மணிக்கூட்டை மாற்றுகிறார்கள். அந்த வாரங்களில் அறிவித்தலில் இலங்கை நேரத்தை மட்டும் போட்டுவிட்டு இருந்தால் பாதிப்பேர் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வருவார்கள்.

ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை நடக்கும் வாரங்களில் வயலில் இருந்து வந்தவரிடம் இருபது கேள்விக்கு விடை எதிர்பார்ப்பது சரியல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நடக்கும் கிழமையில் நாங்கள் போட்டி வைப்பதே இல்லை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் இல்லாத குழு சோர்ந்துபோகும். அப்போது நேரடிப் போட்டியை நிறுத்தி, நாளுக்கு ஒரு கேள்வி என்று காலையில் இட்டு, இரவு வரை தனிச்செய்தியில் விடை வாங்கலாம். சொல்லப்போனால், புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இந்த 'நாளுக்கு ஒரு கேள்வி' முறையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். எவரும் குறிப்பிட்ட மணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நடத்துபவருக்கும் கேள்வி எழுதக் கை பழகும்.

கேள்வி எழுதுதல்

வன்னியை ஆண்ட சிற்றரசர் பண்டார வன்னியனைப் பற்றி ஒருமுறை நான் இப்படிக் கேட்டேன்: "பண்டார வன்னியன் இறந்த ஆண்டு எது?" 1803 என்ற விடையை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லை நாங்கள் எல்லோரும் அறிவோம் என்பதால் அந்தக் கேள்வியில் சிக்கல் வரும் என்று நினைக்கவில்லை. போட்டி முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் அழைத்தார். "தம்பி, கல்லிலை செத்தது எண்டு ஒரு சொல்லும் இல்லை, தோற்கடிச்சது எண்டுதான் கிடக்கு. கல்லைப் பாத்திட்டெல்லோ கேள்வி போடவேணும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பகுதியில் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டார வன்னியனை 1803 ஒக்ரோபர் 31 இல் தோற்கடித்தார் என்பதே கல்லில் உள்ள செய்தி. பண்டார வன்னியன் எப்போது இறந்தார் என்பதில் வரலாறு எழுதுவோரிடையே ஒரே கருத்து இல்லை. கேள்வி இப்படி இருந்திருக்க வேண்டும்: "கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல்லின்படி, பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்ட ஆண்டு எது?" இரண்டுக்கும் நான் எதிர்பார்க்கும் விடை 1803 தான். ஆனால் முதலாவது கேள்விக்கு எதிராக ஒருவர் நியாயமாக வாதிடலாம்; இரண்டாவதற்கு எதிராக வாதிட வழியில்லை. "கல்லைப் பார்த்தீர்களா?" என்பது அன்றுமுதல் எங்கள் குழுவில் கேள்வி எழுதும் எவரையும் பார்த்துக் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

இந்தக் கல்லைப் பார்க்கும் வேலையைச் சில பழக்கங்களாக மாற்றிக்கொள்ளலாம். விடையை ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களிலாவது சரிபாருங்கள். கடைகளில் விற்கும் பொது அறிவு நூல்களில் பல, பழைய பதிப்புகளைப் பார்த்து அச்சடிக்கப்பட்டவை என்பதால் ஒன்பது கோள்களும், மக்கள்தொகையில் முதலிடத்தில் சீனாவும் அவற்றில் இன்னும் உயிரோடிருக்கின்றன. புளூட்டோ 2006 இல் குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டுவிட்டது; ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி இந்தியா 2023 இல் சீனாவை முந்திவிட்டது. உலக விடயங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா நல்ல தொடக்கம். 2003 முதல் இயங்கும் அதில் கட்டுரையின் அடியில் தரப்பட்டிருக்கும் மூலத்தையும் திறந்து பார்த்தால்தான் அது சரிபார்த்தலாகும். ஈழத்து ஊர்கள், ஆளுமைகள், பழைய இதழ்கள் பற்றி என்றால் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் அச்சுப் பக்கத்தையே கண்ணால் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேள்வி எழுதித் தரச் சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவை வேகமாக எழுதித் தருகின்றன. ஆனால் வன்னி பற்றிக் கேட்டால் ஒரு குளத்தின் வரலாற்றை இன்னொரு குளத்தின் தலையில் ஏற்றிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றிடமிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விடையை எடுக்காதீர்கள்.

காலத்தோடு மாறும் விடை உள்ள கேள்வியில் ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "ஐக்கிய நாடுகள் சபையில் எத்தனை உறுப்பு நாடுகள்?" என்பதைவிட, "2011 இல் தென் சூடான் சேர்ந்தபோது ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் எத்தனையாயின?" என்பது உறுதியானது, 193 என்ற விடையை எவராலும் அசைக்க முடியாது. "இலங்கையின் தலைநகர் எது?" என்று கேட்டால் கொழும்பு என்பவருக்கும் கோட்டை என்பவருக்கும் இடையே ஒரு மணி நேரம் போய்விடும். "1982 முதல் இலங்கை நாடாளுமன்றம் எந்த நகரில் இயங்குகிறது?" என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்ற ஒரே விடைதான். நாடுகள் பல கடந்து ஆடும் குழுவில் நாள், திகதி கேட்கும் கேள்விகள் இன்னும் நுட்பமானவை. மனிதர் சந்திரனில் முதன்முதலில் கால் வைத்த நாள் 1969 யூலை 20 என்று பாடநூல்களில் படித்தோம். அது அமெரிக்க நேரப்படி. அந்தக் காலடி பதிந்தபோது இலங்கையில் யூலை 21 காலை எட்டரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. லண்டனிலும் 21 ஆம் திகதி விடியாத பொழுது. அந்தக் காலையில் வானொலிப் பெட்டிக்கு முன் இருந்ததாக நினைவுகூரும் ஒரு பெரியவர் 21 என்று விடை எழுதினால், அதைப் பிழை என்று வெட்ட எவருக்கு உரிமை இருக்கிறது?

பிழையில்லாத கேள்வி எல்லாம் நல்ல கேள்வி ஆகிவிடாது. "இலங்கையின் மிக நீளமான ஆறு எது?" என்பதில் பிழையில்லை, ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்ததை இருபது பேர் எழுதி அனுப்புவதில் எவருக்கும் மகிழ்ச்சியில்லை. தெரியும் அல்லது தெரியாது என்பதோடு முடிந்துவிடாமல், கொஞ்சம் யோசித்தால் எட்டிப் பிடிக்கலாம் என்ற இடத்தில் கேள்வி நிற்க வேண்டும். நம்முடைய ஆச்சிமார் திண்ணையில் இருந்து போட்ட நொடிகள், அதாவது விடுகதைகள், அவ்வாறுதான் இருந்தன. விடையைக் கேட்டதும் "அட, இது எனக்குத் தோன்றவில்லையே" என்று இருக்கும். அதே ஆற்றுக் கேள்வியை நாங்கள் இப்படி மாற்றினோம்: "இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு இது. அனுராதபுரத்தைத் தொட்டு ஓடி வந்து, கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் கொடுத்துவிட்டு மன்னார்க் கரையில் கடலில் சேர்கிறது. தமிழில் இதன் பெயர் என்ன?" சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும், 164 கிலோமீற்றர் நீளமுள்ள அருவியாறுதான் விடை. நீளத்தைப் படித்தவர் ஒரு வழியாலும், கட்டுக்கரை வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர் இன்னொரு வழியாலும் அந்த விடைக்கு வந்தார்கள். மன்னாரில் நெற்செய்கை செய்யும் அண்ணை ஒருவர், அதுவரை ஒரு சுற்றிலும் மூன்றுக்கு மேல் எடுக்காதவர், அன்று ஐந்தும் எடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: "1980 இல் கிளிநொச்சி நகரில் பிறந்த ஒருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எந்த மாவட்டம் பதியப்பட்டிருக்கும்?" இளையவர்கள் பெரும்பாலானோர் கிளிநொச்சி என்று எழுதினார்கள். முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே யாழ்ப்பாணம் என்பதே விடை. இன்று வடமாகாணத்தில் ஐந்தும் நாடு முழுவதும் இருபத்தைந்தும் மாவட்டங்கள் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண் தங்கள் பெற்றோரின் காலத்தில் வேறாக இருந்தது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிய வந்தது. லண்டனில் இருந்து ஆடிய ஒரு பெண் பிள்ளை அம்மாவின் பத்திரத்தையே எடுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிக் குழுவில் குரற்பதிவு ஒன்று போட்டாள். அவ்வளவு நாளும் வாசித்துவிட்டு மட்டும் போன நாலைந்து பேர் அந்த இரவில் பேசத் தொடங்கினார்கள்.

இருபது கேள்விகளில் ஆறு எல்லோருக்கும் தெரிந்தவையாகவும், பத்து பாதிப்பேரை யோசிக்க வைப்பவையாகவும், நான்கு உண்மையிலேயே கடினமானவையாகவும் இருக்கட்டும். எவரும் பூச்சியத்தோடு போகக் கூடாது என்பது அந்த ஆறுக்குரிய காரணம். விடையின் எழுத்துக்கூட்டலில் தாராளமாக இருங்கள்: டுபாய், துபாய், ரொறன்ரோ, டொராண்டோ, ஒருவர் ஈழத்துப் பாடநூலிலும் இன்னொருவர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் இருந்து பெயர்களைக் கற்றிருப்பார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினாலும் பொருள் தெளிவாக இருந்தால் புள்ளி கொடுக்க வேண்டும்.

கூகுளில் தேடுபவரை என்ன செய்வது

பத்து நிமிடம் கொடுத்தால் எல்லோரும் தேடிவிடுவார்களே என்று முதலில் எங்களுக்குள்ளும் பயம் இருந்தது. சிலர் தேடத்தான் செய்வார்கள். அவர்களைப் பிடிக்க முயல்வதில் பயனில்லை. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு ஒரு குழுவை உடைக்கும் வேகத்துக்கு வேறொன்றும் உடைக்காது. ஒரே தேடலில் சிக்காத கேள்வியை எழுதுவதுதான் வழி. ஓர் எடுத்துக்காட்டு. முதலாவது கேள்வி: 335 கிலோமீற்றர் நீளமுள்ள, இலங்கையின் மிக நீளமான ஆறு எது? இரண்டாவது: 828 மீற்றர் உயரமுள்ள புர்ஜ் கலிபா எந்த நகரில் உள்ளது? மூன்றாவது: மேலே உள்ள இரண்டு விடைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வன்னியின் பல ஊர்ப்பெயர்களின் வால் கிடைக்கும், அது எது? மகாவலி, டுபாய், ஆகவே மடு. இரணைமடு, விசுவமடு, கற்சிலைமடு என்று அன்றைய இரவு ஊர்ப்பெயர்கள் அடுக்கிக்கொண்டே போயின. மாதாவின் மடுவைச் சொல்லவே வேண்டியதில்லை. முதல் இரண்டையும் தேடிப் பார்த்தவரும் மூன்றாவதைத் தன் மூளையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வாறான இணைப்புக் கேள்விகள் தவிர, தெரிந்த பொருளொன்றின் சிறிய பகுதியை மட்டும் மிக அருகில் படம் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்: பனங்கிழங்கின் நுனி, உழவு இயந்திரத்தின் ஒரு பல்லு, பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு. படம் உங்கள் கைத்தொலைபேசியில் எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தைப் படத்தேடல் உடனே காட்டிக் கொடுத்துவிடும். மாதத்தில் ஒரு சுற்றைத் திறந்த புத்தகச் சுற்றாக அறிவித்து, தேடுவதற்கு அனுமதி கொடுத்து, தேடினாலும் எளிதில் கிடைக்காத கேள்விகளைக் கேட்பதும் நன்றாக இருக்கும். மாணவர்கள் நம்பத்தகுந்த மூலத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவது அந்தச் சுற்றில்தான்.

செயலிகள்

வட்ஸ்அப்பின் வாக்கெடுப்பு வசதியைப் போட்டிக்குப் பயன்படுத்த முயன்றோம்; எவர் எதைத் தெரிவு செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததாலும், தெரிவை மாற்ற முடிந்ததாலும் கெட்டிக்காரர் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். டெலிகிராமில் 2020 முதல் வினாவிடைக்கென்றே ஒரு வகை வாக்கெடுப்பு உண்டு. ஒருமுறை தெரிவு செய்தால் மாற்ற முடியாது. சரியா பிழையா என்று உடனே காட்டும். விடைக்கு ஒரு குறுவிளக்கமும் சேர்க்கலாம். தெரிவு விடைக் கேள்விகளுக்கு அதையே நான் விரும்புகிறேன். கூகுள் படிவத்தை வினாவிடையாக மாற்றினால் புள்ளிகளைத் தானே கூட்டும். விடை வந்த நேரத்தையும் விரிதாளில் பதியும். ஐம்பது பேருக்கு மேல் ஆடினால் அது இல்லாமல் நடத்துநர் தாங்கமாட்டார். முகம் பார்த்து ஆட விரும்புபவர்கள் சூம் பயன்படுத்தலாம். கட்டணமில்லாத சூம் கூட்டம் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் கேள்விக்கு ஒன்றரை நிமிடமாக இருபது கேள்விக்கு முப்பது நிமிடம், எல்லோரும் வந்து சேரவும் முடிவு சொல்லவும் பத்து நிமிடம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டேட்டா குறைந்தவர்கள் கமராவை நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் இருக்கலாம்.

அணிகள், புள்ளிகள், பரிசு

தனியாட்களாக ஆடுவதைவிட மூன்று பேர் அணியாக ஆடுவது நன்று. பாடசாலைப் பிள்ளை ஒருவர், ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர் ஒருவர் என்று சேர்த்துப் பாருங்கள். அணியினர் தங்களுக்குள் அழைப்பெடுத்துப் பேசிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில், வேறு நாளில் பேசியிருக்க மாட்டாத இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். சரியான விடைக்கு இரண்டு புள்ளி, துப்புக் கேட்டபின் சொன்னால் ஒன்று. பிழைக்குப் புள்ளி கழிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அது ஊகிக்கத் துணிபவரின் வாயை மூடிவிடும். இரு அணிகள் சமமாக வந்தால் எண்ணொன்றை ஊகிக்கச் சொல்லி, நெருங்கியவரை வெற்றியாளராக்கலாம்: பீதுருதாலகால மலையின் உயரம் எத்தனை மீற்றர்? (2524.) பணப் பரிசு வேண்டாம். கைத்தொலைபேசிக்கு ரீலோட் பரிசாகக் கொடுத்துப் பார்த்தோம். அந்த மாதத்தில்தான் வாக்குவாதம் அதிகமாக இருந்தது. இப்போது வெல்லும் அணி அடுத்த வாரத்தின் ஒரு சுற்றுக்குக் கேள்வி எழுதுகிறது. அதற்காகவே வெல்லத் துடிப்பவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

விடையில் பிழை என்று கருதுபவர் மறுநாள் மாலை வரை மூலத்தோடு தனிச்செய்தியில் முறையிடலாம். அந்த வாரம் ஆடாத இருவர் அதைத் தீர்மானிப்பார்கள். இரண்டு விடைகளுக்கும் நல்ல மூலம் இருந்தால் இரண்டுக்கும் புள்ளி கொடுங்கள். ஒன்றுக்கும் மூலம் இல்லாவிட்டால் மட்டுமே கேள்வியை நீக்குங்கள், இல்லையேல் உழைத்துச் சரியாக எழுதியவர் உங்கள் கவனக்குறைவுக்காக நட்டப்படுவார். பிழை நடத்துநருடையதானால் குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேட்காமல் விடவேண்டியவை

வன்னியில் இருந்து போட்டி நடத்துபவர் ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் குழுவில் பிள்ளையை, கணவரை, கூடப்பிறந்தவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். 2009 பற்றிய திகதிகளும் எண்ணிக்கைகளும் இடப்பெயர்களும் அவர்களுக்குப் பொது அறிவு அல்ல. அவற்றை இரண்டு புள்ளிக்குரிய கேள்வியாக்குவதில்லை என்று நாங்கள் முதல் நாளே முடிவெடுத்தோம். வெளியில் இருந்து புதிதாக வந்து கேள்வி எழுதுபவருக்கும் அதைத் தனியாக அழைத்துச் சொல்கிறோம். அந்த வரலாற்றை நினைவுகூரவும் பேசவும் வேறு இடங்களும் வேறு நாட்களும் இருக்கின்றன. கட்சி அரசியலையும், ஒரு சமயத்தவரையோ சாதியினரையோ சுட்டும் கேள்விகளையும் இதே காரணத்தால் தவிர்க்கிறோம். பிழையான விடையைப் பெயரோடு குழுவில் போட்டுச் சிரிப்பதற்கும் இடமில்லை.

கேள்வி வங்கி

போட்டி முடிந்த இரவே விடைகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தோடு குழுவில் இடுங்கள். பலர் காத்திருப்பது புள்ளிக்காக அல்ல, அதற்காகத்தான். பிறகு கேள்வி, விடை, மூலம், கேட்ட திகதி, எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற ஐந்தையும் கூகுள் விரிதாளில் பதியுங்கள். ஒரே கேள்வியை ஓர் ஆண்டுக்குப் பிறகு திரும்பக் கேட்கலாம், ஆனால் கேட்கும் நாளில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். எங்கள் தாளில் கசகஸ்தானின் தலைநகர் என்ற கேள்விக்கு நேரே முதலில் அஸ்தானா என்று எழுதியிருந்தோம். 2019 இல் பெயர் மாறியதால் அதை வெட்டி நூர்சுல்தான் என்று எழுதினோம். 2022 இல் அதையும் வெட்டி மறுபடியும் அஸ்தானா என்று எழுதினோம். அந்த வரியை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். புதிதாகக் கேள்வி எழுத வருபவருக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.